அந்த நாற்காலியை ஏற்கும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு என் வாழ்த்து. இங்கே எல்லோரும் நலம். கண் அறுவை சிகிச்சை முடிந்து பொடி எழுத்தெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. அதனால் ஆண்டறிக்கைகளின் பின்பக்கக் குறிப்புகளைத் துருவிப் படிக்கும் பழைய வியாதி மறுபடியும் தொற்றிக்கொண்டது. தணிக்கை வேலையை நான் விட்டாலும் அது என்னை விடுவதாக இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் கம்பெனி, பங்குச் சந்தையில் பட்டியலிட்டது, உன்னைச் சுயேச்சை இயக்குநராக, அதாவது முதலாளியோடு ஒட்டுறவு இல்லாத வெளியாள் இயக்குநராக, கூப்பிட்டிருக்கிறது. போகலாமா என்று கேட்டதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். "இப்போது உலகம் பூராவும் ஒரே விதிதானே, எந்த நாட்டு இயக்குநர் போர்டில் போய் உட்கார்ந்தாலும் வேலை ஒன்றுதான்" என்று கூடவே எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் உன்னோடு சண்டை போடத் தோன்றுகிறது.

காகிதத்தை மட்டும் பார்த்தால் நீ சொல்வது சரி. 1999-இல் ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பு, நிறுவன ஆளுகைக்கான, அதாவது கம்பெனியை யார் எப்படி நடத்திக் கண்காணிப்பது என்பதற்கான, கோட்பாடுகளை முதன்முதலில் வெளியிட்டது. அப்புறம் சில முறை திருத்தி, 2023-இல் ஜி20 நாடுகளின் ஒப்புதலோடு புதுப் பதிப்பும் வந்தது. தணிக்கைக் குழு, நியமனக் குழு, ஊதியக் குழு என்று எந்த நாட்டு அறிக்கையைத் திறந்தாலும் அதே தலைப்புகள். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் விதியை எழுதியவர்கள் யாருக்குப் பயந்து எழுதினார்கள் என்று தேடிப் போனால் கதை வேறு.

இங்கிலாந்தை எடுத்துக்கொள். 1991 நவம்பரில் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் கடலில் பிணமாகக் கிடைத்தார். அதன் பிறகுதான் அவருடைய கம்பெனித் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியில் 40 கோடி பவுண்டுக்கு மேல் ஓட்டை விழுந்திருப்பது வெளியே வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பிசிசிஐ வங்கியை இழுத்து மூடியிருந்தார்கள். அந்த ஆண்டு அமைக்கப்பட்ட ஏட்ரியன் கேட்பரி குழு, 1992 டிசம்பரில் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் போய்ச் சேரக் கூடாது, நிர்வாகத்தில் இல்லாத ஆட்கள் போர்டில் வேண்டும், தணிக்கைக் குழு வேண்டும் என்றது. இதையெல்லாம் சட்டமாகப் போடவும் இல்லை. கடைப்பிடி, முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று பங்குதாரர்களிடம் சொல், அவ்வளவுதான். உலகில் பாதி நாடுகள் பின்னால் காப்பியடித்தது இதைத்தான்.

இங்கிலாந்தில் இது ஓரளவு ஓடியதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குப் பங்குகள் பெரும்பாலும் ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள் கையில் இருந்தன. ஒருவரிடமும் பாதிக்கு மேல் இல்லை, ஆனால் நாலைந்து பேர் சேர்ந்தால் தலைவரையே வீட்டுக்கு அனுப்பலாம். 5 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கள் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லலாம். சாதாரணப் பெரும்பான்மையிலேயே ஓர் இயக்குநரை நீக்கலாம். ஆகவே விளக்கம் கேட்க ஆள் இருந்தார்கள், விளக்கம் பிடிக்கவில்லை என்றால் செய்வதற்கும் ஒன்று இருந்தது.

அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் எல்லோரும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வெளியாள் ஒருவன் கம்பெனியை விலைக்கு வாங்க வந்தால், இங்கிலாந்தில் போர்டு குறுக்கே நிற்க முடியாது, முடிவெடுப்பது பங்குதாரர்கள். அமெரிக்காவில், அப்படி வாங்க வந்தவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் மலிவு விலையில் புதுப் பங்கு தந்து அவன் பங்கைக் கரைத்துவிடும் உரிமையைப் போர்டே தனக்கு எழுதிக்கொள்ளலாம். 1985-இல் டெலவேர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. அமெரிக்கப் பெருநிறுவனங்களில் பாதிக்கு மேல் பதிவாகியிருப்பது அந்தச் சின்ன மாநிலத்தில்தான் என்பது உனக்குத் தெரியும். ஆக அங்கே ராஜா போர்டு. அந்தப் போர்டே ஏமாந்துபோனால்?

எரிசக்தி கம்பெனியான என்ரானின் போர்டைப் பார். பெரும்பாலும் வெளியாட்கள். தணிக்கைக் குழுவின் தலைவர், ஸ்டான்ஃபோர்டில் வணிகப் பள்ளியின் தலைவராக இருந்த கணக்கியல் பேராசிரியர். அவரைவிடத் தகுதியான ஆளை எங்கே போய்த் தேடுவது? அதே போர்டுதான் தன் நிதி அதிகாரி சொந்தமாகக் கூட்டாண்மை நிறுவனங்களை அமைத்து என்ரானோடேயே வியாபாரம் செய்வதற்காக நன்னடத்தை விதியைத் தளர்த்திக் கொடுத்தது. 2001 டிசம்பரில் கம்பெனி திவால். அடுத்த ஆண்டே சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. தலைமை நிர்வாகியும் நிதி அதிகாரியும் கணக்கின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டுமென்றே பொய்க்கணக்கில் கையெழுத்திட்டால் 20 ஆண்டு வரை சிறை. இங்கிலாந்து விளக்கம் கேட்டது, அமெரிக்கா சிறையைக் காட்டியது.

இரண்டுக்கும் பொதுவான பயம் ஒன்றுதான். பங்குதாரர்கள் சிதறிக் கிடக்கிறார்கள், சம்பளத்துக்கு வந்த நிர்வாகி கல்லாவில் கை வைத்துவிடுவான். அதைத் தடுக்க அவனுக்குக் கடமைப்படாத ஆட்களைப் போர்டில் உட்காரவை. அந்தச் சூழலுக்குப் பொருத்தமான தீர்வுதான் இது.

ஆனால் உலகின் மற்ற இடங்களில் பெரும்பாலான கம்பெனிகள் அப்படி இல்லையே. ஒரு குடும்பமோ அரசாங்கமோ பெரும்பங்கை வைத்திருக்கிறது. நிர்வாகி ஏமாற்றப் பார்த்தால் குடும்பம் அவனை மறுநாளே துரத்திவிடும். அங்கே பயப்பட வேண்டியது அந்தக் குடும்பத்துக்குத்தான். கம்பெனிப் பணத்தை மச்சான் கம்பெனிக்கும் மகன் கம்பெனிக்கும் தள்ளிவிட்டுச் சிறு பங்குதாரர்களை வெறுங்கையோடு நிற்கவைத்துவிடலாம். சுயேச்சை இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது பொதுக்கூட்ட ஓட்டு. ஓட்டில் பெரும்பான்மை குடும்பத்திடம். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஐதராபாத் மென்பொருள் கம்பெனி சத்யத்தின் கதையை உன்னிடம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தைப் பற்றி இல்லை. அதற்கு முந்தைய மாதம் 16-ஆம் தேதி நடந்த போர்டு கூட்டத்தைப் பற்றி. முதலாளி குடும்பத்தின் இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலர் கொடுத்து வாங்கலாம் என்று அந்தப் போர்டு சம்மதித்தது. அந்தப் போர்டு உறுப்பினர்களில் ஒரு ஹார்வர்டு பேராசிரியரும் உண்டு. சிறந்த நிறுவன ஆளுகைக்காக அந்தக் கம்பெனிக்கு ஒரு விருதும் சில மாதம் முன்பு கிடைத்திருந்தது. போர்டு சொல்லாத 'வேண்டாம்' என்ற வார்த்தையைச் சந்தை சொன்னது. பங்கு விலை அப்படி விழவே, சில மணி நேரத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு வந்த 2013 கம்பெனிச் சட்டம், இம்மாதிரிப் பரிவர்த்தனை பங்குதாரர்களின் ஒப்புதலுக்கு வரும்போது சம்பந்தப்பட்டவர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும் என்ற வரியைவிடப் பல மடங்கு பலமானது.

கொரியாவில் இதையே இன்னும் பெரிய அளவில் பார்க்கலாம். 2015-இல் சாம்சங் குழுமத்தின் இரண்டு கம்பெனிகளை இணைத்தார்கள். செயில் கம்பெனியில் வாரிசு லீ ஜே-யோங்குக்குப் பெரும்பங்கு. மற்றதான சாம்சங் சி அண்ட் டி-யில் குடும்பத்துக்கு அவ்வளவாக இல்லை. சி அண்ட் டி-யின் ஒரு பங்குக்கு செயிலின் 0.35 பங்கு என்று கணக்குப் போட்டார்கள். கம்மி என்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கூச்சல் போட்டார்கள். தேசிய ஓய்வூதிய நிதி ஆதரவாக ஓட்டுப் போட, இணைப்பு நிறைவேறியது. அந்த ஓட்டுக்காக அழுத்தம் கொடுத்த அமைச்சர் பிற்பாடு சிறைக்குப் போனார். லீ ஜே-யோங்கை இந்த இணைப்பு வழக்கில் குற்றமற்றவர் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே மாதம்தான் அங்கே வணிகச் சட்டத்தையும் திருத்தினார்கள். அதுவரை இயக்குநரின் கடமை கம்பெனிக்கு மட்டும். கம்பெனிக்கு நஷ்டமில்லை, சிறு பங்குதாரருக்குத்தான் நஷ்டம் என்றால் இயக்குநர் கையை விரித்துவிடலாம். இப்போது பங்குதாரர்களுக்கும் அவர் கடமைப்பட்டவர். பார்க்கச் சின்னத் திருத்தம், ஆனால் கொரியாவில் வேலை செய்யும் எந்தச் சுயேச்சை இயக்குநருக்கும் தூக்கம் கெட அது போதும்.

ஜெர்மனி இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராது. அங்கே பயமே வேறு. உழைப்பவனுக்கும் முதல் போட்டவனுக்கும் நடுவே சண்டை முற்றி நாடு எங்கே போய் நிற்கும் என்பதை ஒரு தலைமுறை பார்த்திருந்தது. 1951-இல் நிலக்கரி, எஃகு ஆலைகளில் ஆரம்பித்து, 1976 சட்டத்தில் எல்லாப் பெரிய கம்பெனிகளுக்கும் கொண்டுவந்தார்கள். நிர்வாகக் குழு தனி, அதை நியமித்துக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழு தனி. 2,000 பேருக்கு மேல் வேலை செய்தால் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. தலைவர் பங்குதாரர் தரப்பு ஆள். ஜெர்மன்காரர்கள் எவ்வளவு தாராளம் காட்டினாலும் கடைசி அரை அங்குலத்தை விட்டுக் கொடுக்கமாட்டார்கள்!

இதில் தொழிலாளர் பக்கம் நிற்க ஆசைதான் எனக்கு. ஆனால் ஃபோக்ஸ்வாகனை நினைத்தால் தயக்கம் வருகிறது. அதன் மேற்பார்வைக் குழுவில் 20 பேர். 10 பேர் தொழிலாளர் தரப்பு. லோயர் சாக்சனி மாநில அரசுக்கு 20 சதவீத ஓட்டும் 2 இடமும். போர்ஷே-பீயெக் குடும்பத்திடம் ஓட்டில் பாதிக்கு மேல். கத்தார் அரசுக்கும் ஒரு பங்கு. எல்லாத் தரப்புக்கும் நாற்காலி இருந்தது, எந்தத் தரப்பையும் சாராத ஆளைத்தான் தேட வேண்டியிருந்தது. மாநிலமும் தொழிலாளர்களும் சேர்ந்தால் பெரும்பான்மை, இருவருக்கும் வேண்டியது வேலை வாய்ப்பு. குடும்பத்துக்கு வேண்டியது பிடி. புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் பொருத்தியிருந்ததை 2015 செப்டம்பரில் ஒப்புக்கொண்டார்கள். முன்பே இதைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆர்வம் அந்த மேஜையில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. மறுபக்கம், 2024 இறுதியில் ஆலைகளை மூடும் பேச்சு வந்தபோது, அதே மேஜையில் பேசிப் பேசி ஆலைகளை உடனே மூடாமலே 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வேறு நாட்டில் இது தெருவில் முடிந்திருக்கும். ஆகவே அந்த முறையை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை.

ஜப்பானில் போர்டு என்பது நெடுங்காலம் வேலையில் மூத்தவர்களுக்குக் கிடைக்கும் கடைசிப் பதவி உயர்வு. கம்பெனிகள் ஒன்றின் பங்கை மற்றொன்று வைத்துக்கொண்டு, யாரும் யாரையும் கேள்வி கேட்காத ஏற்பாடு. 2011 அக்டோபரில் ஒலிம்பஸ் கம்பெனியின் தலைவர் மைக்கேல் வுட்ஃபோர்டு, பழைய கையகப்படுத்தல்களில் பணம் எங்கே போனது என்று கேட்டார். போர்டு கூடி, அவரைப் பேசவே விடாமல், ஒருமனதாக நீக்கியது. மறைத்து வைத்த பழைய நஷ்டம் சுமார் 170 கோடி டாலர் என்பது அதன் பிறகு வெளியானது. இதைச் சொன்னால், "அது பழைய பாணி போர்டு, சீர்திருத்தினால் சரியாகியிருக்கும்" என்பாய். தோஷிபா சீர்திருத்தியது! 2003-லேயே அமெரிக்க பாணியில் குழுக்களை அமைத்து முன்மாதிரிக் கம்பெனி என்று பேர் வாங்கியது. பல ஆண்டுகளாக லாபத்தை ஊதிக் காட்டியது 2015-இல் தெரியவந்தபோது, தணிக்கைக் குழுவின் தலைவர் யார் என்று பார்த்தார்கள். அதே கம்பெனியின் முன்னாள் நிதி அதிகாரி. தன் காலத்துக் கணக்கைத் தானே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஜப்பான் அதோடு நிற்கவில்லை. 2015-இல் புது விதித்தொகுப்பு வந்தது. அதைவிட ரசமானது 2023-இல் டோக்கியோ பங்குச் சந்தை செய்தது. உன் பங்கு புத்தக மதிப்புக்கும், அதாவது கணக்கில் காட்டிய நிகரச் சொத்து மதிப்புக்கும், கீழே விற்கிறதே, என்ன செய்யப் போகிறாய் என்று திட்டம் கேட்டது. மறு ஆண்டிலிருந்து பதில் கொடுத்த கம்பெனிகளின் பட்டியலையும் வெளியிட ஆரம்பித்தது. அபராதம் கிடையாது, சிறை கிடையாது. பட்டியலில் தன் பேர் இல்லாமல் போவதை எந்தத் தலைவரும் விரும்பவில்லை. அங்கே அது போதுமானதாக இருந்தது.

சீனாவுக்கு வந்தால் உனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று உண்டு. காங்மெய் என்ற மருந்துக் கம்பெனியின் பொய்க்கணக்கு வழக்கில் 2021 நவம்பரில் குவாங்சோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 52,000 முதலீட்டாளர்களுக்கு ஏறக்குறைய 246 கோடி யுவான் நஷ்ட ஈடு. அதில் 5 சுயேச்சை இயக்குநர்களும் 5 முதல் 10 சதவீதம் வரை பொறுப்பு என்றது நீதிமன்றம், அதாவது தலைக்குப் பத்துக் கோடி யுவானுக்கு மேல். அவர்கள் வாங்கிய ஊதியத்தை வைத்துப் பார்த்தால் பல ஜென்மம் வேலை பார்த்தாலும் தீராத தொகை. அடுத்த சில வாரங்களில் நாடு முழுக்கச் சுயேச்சை இயக்குநர்கள் கொத்துக் கொத்தாக ராஜினாமா செய்தார்கள். கொடூரமான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றியது, இன்னமும் தோன்றுகிறது. முதலாளி வைத்த ஆளைத் தண்டித்து முதலாளியைத் திருத்த முடியாது. அரசுக் கம்பெனிகளில் போர்டுக்கு முன்பே கட்சிக் குழு பெரிய முடிவுகளைப் பேசிவிடும் என்பது தனிக் கதை, அதற்குள் போகவில்லை.

போர்டில் 40 சதவீதம் பெண்கள் வேண்டும் என்ற நார்வேயின் சட்டம், இரண்டு ஆண்டு வைத்திருந்த பங்குக்கு இரட்டை ஓட்டுத் தரும் பிரான்சு, ஓட்டே இல்லாத பங்கை 2017-இல் சந்தையில் விற்ற ஸ்னாப்சாட் கம்பெனியான ஸ்னாப், இதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியவை இத்தாலியும் சுவீடனும். யாரும் அவ்வளவாகப் பேசாத இரண்டு நாடுகள்.

இத்தாலியில் பார்மலாட் என்ற பால் கம்பெனி 2003 டிசம்பரில் கவிழ்ந்தது. வங்கியில் 395 கோடி யூரோ இருப்பதாகக் காட்டிய கடிதமே போலி. அதுவும் குடும்பக் கம்பெனிதான். 2005 இறுதியில் அவர்கள் கொண்டுவந்த சட்டம், நல்லவர்களாகப் பார்த்துப் போர்டில் வை என்று முதலாளிக்கு உபதேசம் செய்யவில்லை. சிறு பங்குதாரர்கள் தங்களுடைய பட்டியலைத் தனியாகக் கொடுக்கலாம், அந்தப் பட்டியலிலிருந்து ஒருவராவது போர்டுக்குப் போயாக வேண்டும் என்றது. கணக்கைச் சரிபார்க்கும் குழுவுக்கு இதே முறை 1998-லேயே வந்திருந்தது. ஒருவர்தானே என்று நினைக்காதே. அவர் முதலாளிக்குக் கடன்பட்டு உள்ளே வந்தவர் இல்லை. தகவல் கேட்டால் கொடுத்தாக வேண்டும், மறுத்தால் கூட்டக் குறிப்பில் ஏறும்.

சுவீடனில் இயக்குநர்களைப் பரிந்துரைக்கும் குழு போர்டுக்குள்ளேயே கிடையாது. பெரிய பங்குதாரர்கள் நாலைந்து பேரின் பிரதிநிதிகள் வெளியே உட்கார்ந்து, அடுத்த ஆண்டுப் போர்டில் யார், சம்பளம் எவ்வளவு, ஆடிட்டர் யார் என்று முன்மொழிகிறார்கள். போர்டு உறுப்பினர்கள் அந்தக் குழுவில் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. 25 பேராவது வேலை செய்தால் தொழிலாளர்களுக்கும் போர்டில் இரண்டு இடம் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. வாலன்பெரி குடும்பம் அங்கே எவ்வளவோ கம்பெனிகளில் செல்வாக்கோடு இருக்கிறது. பத்து ஓட்டு உள்ள பங்கு, ஒரு ஓட்டு உள்ள பங்கு என்ற வித்தியாசமும் இருக்கிறது. ஓய்வூதிய நிதியின் பிரதிநிதியும் குடும்பத்தின் பிரதிநிதியும் ஒரே மேஜையில் பேர்களை அலசுவதால், கண்காணிக்க வருகிறவன் ஒருவருக்கு மட்டும் நன்றி சொல்ல வேண்டிய நிலை வருவதில்லை.

உனக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. உன் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்ரானிலும் சத்யத்திலும் இருந்த அந்த இரண்டு பேராசிரியர்களின் படிப்பிலும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. உன்னை அழைத்தது யார் என்று உன் கடிதத்தில் தெளிவாக இல்லை. நியமனக் குழு வேறு பேர்களையும் அலசி உன்னிடம் வந்ததா, அல்லது முதலாளி பழைய பழக்கத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாரா? உன் நியமனத்துக்குக் குடும்பத்தைச் சேராத பங்குதாரர்கள் தனியாக எத்தனை ஓட்டுப் போடப் போகிறார்கள் என்று கேள். எண்ணிச் சொல்லத் தயங்கினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள். கடந்த மூன்று ஆண்டு அறிக்கைகளில் உறவினர் கம்பெனிகளோடு நடந்த பரிவர்த்தனைப் பட்டியலை எனக்கு அனுப்பு, கண்தான் இப்போது நன்றாக இருக்கிறதே. உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பதவிக் காலம் முடிந்து போனாரா, நடுவில் போனாரா? நடுவில் போயிருந்தால் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருப்பார்கள். அவரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசு. அப்புறம், இயக்குநர்களுக்கான காப்பீடு இருக்கிறதா, எவ்வளவுக்கு என்று விசாரி. காங்மெய் ஆட்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பட்டியல் வந்ததும் படித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன். அதுவரை சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி